போனை எடுக்காத குற்றம்

எனக்குக் காது கேட்காது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். போன மாதம் காது மிஷின் கேட்டு அரசு இணையதளத்தில் விண்ணப்பித்திருந்தேன்.

எப்படி விண்ணப்பிப்பது என்று அந்தத் தளத்திலேயே ஒரு வீடியோ இருக்கிறது. ஒருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசி விளக்குகிறார். முகம் நகத்தளவு, கீழே ஒரு வரி எழுத்து கிடையாது. யாருக்கு விளக்குகிறார்?

இன்று காலை எஸ்எம்எஸ் வந்தது. ‘தொலைபேசி அழைப்பை ஏற்காததால் உங்கள் விண்ணப்பம் முடித்துவைக்கப்பட்டது.’

பஸ் பிடித்து, விண்ணப்பத்தைப் பார்க்கும் அரூர் ஆபீஸுக்கே போய்விட்டேன்.

“நாங்க எத்தனையோ வாட்டி போன் பண்ணுனோம்ங்க. நீங்கதான் எடுக்கல” என்றார் அங்கிருந்தவர்.

“எடுத்தா மட்டும் கேக்குமா? கேட்டா நான் ஏன் சார் மிஷின் கேக்கறேன்?”

“அப்ப வூட்ல காது கேக்கற ஆளு நம்பரைக் குடுத்திருக்கணும்ங்க.”

எனக்கு வந்ததே கோபம்.

“முடிச்சாச்சுன்னு சொல்றதுக்கு மட்டும் மெசேஜ் வருது. கேக்க வேண்டியதையும் அதுலயே கேட்டா என்ன?”

எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“சிஸ்டத்துல போன் மட்டுந்தாங்க இருக்குது” என்றார் அவர்.

வேறு வழியில்லாமல் அங்கேயே மறுபடியும் விண்ணப்பித்தேன். மறுபடியும் கூப்பிடுவார்களாம்.

இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உங்களுக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால் கீழே எழுதுங்கள். தயவுசெய்து போன் செய்யாதீர்கள்.