சாமிக்குப் பிடுங்காத குரோக்கஸ்

ஈரமண் அப்பிய ரப்பர் பூட்ஸின் மணம்... டென்மார்க்கில், ஹேர்னிங்கில் நாங்கள் வீடு வாங்கிய புதிதில் வாசல் முழுக்க அதுதான்.

மகள் அபிக்கு அப்போது ஐந்து வயது. இலை கொட்டுகிற காலத்தில், பாலர் பள்ளியில் கொடுத்தார்கள் என்று ஒரு பை குரோக்கஸ் பூக்கிழங்கு கொண்டுவந்தாள். பார்க்கச் சின்ன வெங்காயம் மாதிரி.

"என்ன, குழம்புக்கோ?" என்றேன். முறைத்தாள்.

புல்லுக்குள் மூன்று விரல் ஆழத்துக்குத் தோண்டி, முளைப்பக்கம் மேலே பார்க்க நட்டோம். பிறகு குளிர்காலம் முழுக்க ஒரே கேள்விதான்.

"அப்பா, வந்திட்டுதோ?"

"இப்பத்தான் நித்திரையாப் போயிருக்கு. எழுப்பாதை."

பனி கரைகிற நேரம் முதல் மொட்டு வந்தது. ஊதா நிறம். வெயில் பட்டால்தான் விரியும் என்று பிள்ளை காத்திருந்தாள்.

என் மனைவி வசந்தியோ, வீட்டில் பூக்கிற முதல் பூ சாமிக்கு என்று வளர்ந்தவள். விடியவே மொட்டைப் பிடுங்கிப் பிள்ளையார் படத்துக்கு வைத்துவிட்டாள். ஹீட்டர் சூட்டுக்கு அது அகல விரிந்து நின்றது.

"பாத்தியே, பிள்ளையாரைக் கண்டோடனை விரியுது!"

அபி அழவில்லை... அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அது என்னுடையது" என்று டெனிஷில் மெதுவாகச் சொன்னாள். அன்று முழுக்கத் தாயோடு கதைக்கவே இல்லை.

சில நாளில் அடுத்த மொட்டு. காலையில் பார்த்தால் படுக்கையில் பிள்ளையைக் காணோம். இரவு உடுப்புக்கு மேலே குளிர் உடுப்பைக் கொழுவிக்கொண்டு, மொட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறாள். மூக்கு சிவந்துவிட்டது.

"உள்ள வாம்மா, காய்ச்சல் வரும்."

"மாட்டன். அம்மா முதல்ல வேலைக்குப் போகட்டும்."

உள்ளே வசந்தி பூத்தட்டோடு நிற்கிறாள். "இண்டைக்கு வெள்ளிக்கிழமையப்பா. வளவில பூ இருக்க, வெறும் படத்துக்கோ விளக்குக் கொளுத்திறது?"

"அப்ப பிள்ளையாரை வெளியில கூட்டிக்கொண்டு போய்க் காட்டும்."

பகிடிக்குத்தான் சொன்னேன்! அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஜக்கெட்டை மாட்டினாள். படத்தையும் கற்பூரத் தட்டையும் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

அபி இரண்டு கையாலும் மொட்டை மறைத்தாள். வசந்தி வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் பிள்ளையாரை வைத்தாள். காற்றுக்குக் கற்பூரம் நிற்கவில்லை. நான் ஜக்கெட்டை விரித்து மறைப்பாகப் பிடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கை காட்டினார்... விடியவே இறைச்சி சுடுகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ!

வசந்தி பிள்ளையாருக்குக் காட்டிவிட்டு, அந்தத் தட்டை மொட்டுக்கும் ஒருதரம் காட்டினாள்.

"இனிப் பிடுங்கமாட்டியள்தானே?" என்றாள் அபி.

"பிள்ளையார் வந்து பாத்திட்டார். அவருக்கு அது காணும்."

இப்போது அபிக்குக் கோபன்ஹேகனில் வேலை. குரோக்கஸ் புல் முழுக்கப் பரவிவிட்டது. இலை மஞ்சளாகிச் சாயும்வரை புல்வெட்டும் மெஷினைத் தொட வசந்தி விடமாட்டாள். அந்த இலைதான் கிழங்குக்குச் சாப்பாடாம். எனக்கும் ஓய்வு!

இந்த வருடம் சும்மா சீண்டிப் பார்த்தேன். "இப்ப காவலுக்கு ஆளில்லை. பிடுங்குமன்."

"உங்களுக்கு வேற வேலை இல்லையே?"

கடையில் வாங்கின செவ்வந்தியைச் சாமிக்கு வைத்தாள். பிறகு வெளியே போய், வெயில் வந்து பூ விரியும்வரை நின்று, ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள்.

பதில் மத்தியானம்தான் வந்தது. பிள்ளைக்கு வேலைநேரம்தானே...

அதுவரைக்கும் வசந்தி போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.