நாமினி கட்டத்தில் ஒரு மனைவி

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் என்று நினைக்கிறேன். திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த சின்ன இன்சூரன்ஸ் ஆபீசில்தான் அது நடந்தது. நாற்பதைத் தொடப்போகிற ஆம்பளை நான், நாலு பேர் முன்னால் கூசாமல் ஒரு பொய் சொன்னேன். என் வலது கால் இன்றைக்கும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எனக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மாவும் போனபின் ஊரில் எனக்கென்று யாரும் இல்லை. கூடப் பிறந்தவர்களும் கிடையாது. கல்யாணம் என் பக்கம் எட்டிப் பார்க்காமலே போய்விட்டது. திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் பண்டல் தூக்கி, டிரைவிங் கற்றுக்கொண்டு, ஒருவழியாகப் பழைய வேன் ஒன்றை வாங்கினேன். கம்பெனியில் வெட்டிக் கொடுக்கிற துணியைக் கிராமங்களில் இருக்கிற தையல் யூனிட்டுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, தைத்ததைத் திரும்ப ஏற்றி வருவதுதான் வேலை.

வேலை கிடைக்கிற ஊரில் தனி ஆளுக்கு வீடு மட்டும் கிடைக்காது. வீரபாண்டியில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றைக் கேட்டுப் போனேன். வீட்டுக்காரம்மா எடுத்ததுமே, "பேமிலிக்குத்தானுங்க ஊடு தர்றது. உங்க சம்சாரம் எங்கீங்க?" என்றார்.

"ஊர்ல இருக்கா. அடுத்த மாசம் கூட்டிட்டு வந்துருவேன்" என்றேன்.

"பேரு என்னங்க?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வாயில் வந்தது "தங்கபுஷ்பம்". எங்கள் ஊர் ரேஷன் கடையில் அரிசி நிறுத்துப் போடுகிற அக்காவின் பெயர் அது. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், புருஷன் பிள்ளைகளோடு நன்றாக வாழ்கிறவர். இந்தக் கதையில் வேறு யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. தங்கபுஷ்பம் என்று எனக்கொரு மனைவி இல்லவே இல்லை என்பதால் அந்தப் பெயரை மட்டும் தைரியமாகச் சொல்கிறேன்.

முதல் மாதம் 'ஆடி முடியட்டும்' என்றேன். அடுத்த மாதம் அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். மூன்றாம் மாதம் வீட்டுக்காரம்மா, சம்சாரத்தைக் கூட்டிவந்து சாவி வாங்கிக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து வேன்தான் வீடு. பின்பக்கம் மூடிய பாடி. உள்ளே குறுக்காக ஒரு பலகை, அதன்மேல் பாய். மண்ணெண்ணெய் ஸ்டவ், தண்ணீர் கேன், ஒரு தட்டு, முகம் பார்க்கக் கண்ணாடி. லோடு ஏற்றும்போது பலகையைத் தூக்கிச் சாத்திவிடுவேன். வெளிநாட்டில் வண்டிக்குள்ளேயே படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவார்கள் என்று யாரோ சொன்னபோது சிரிப்பு வந்தது. அவர்கள் ஆசைக்குச் செய்வதை நான் ஆள் இல்லாமல் செய்துகொண்டிருந்தேன்.

அதுவரை வண்டிக்கு ஒப்புக்கு ஒரு தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ்தான் எடுத்துவந்தேன். அந்த வருஷம் எங்கள் வேன் ஸ்டாண்டில் இருந்த ஒருவரின் வண்டி புளியமரத்தில் மோதி நொறுங்கியது. அவரிடமும் தேர்டு பார்ட்டிதான். நம்மால் அடுத்தவருக்கு நஷ்டம் வந்தால்தான் அது கொடுக்கும், நம் வண்டிக்கு ஒன்றும் வராது என்பது அன்றைக்குத்தான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. அவருக்கு வண்டி போனாலும் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. எனக்கு வண்டி போனால் வீடும் சேர்ந்து போகும். அந்தப் பயத்தில்தான் அந்த மாடிப்படி ஏறினேன்.

அங்கே இருந்த ஏஜெண்ட் ஐம்பது வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடி, ரெக்சின் பை, அவசரமே இல்லாத பேச்சு. "போலீஸ்காரருக்குக் காட்டற காயிதம் வேணுங்களா தம்பி, உங்களுக்கு ஒதவற காயிதம் வேணுங்களா?" என்று கேட்டார். உதவுகிறதே வேண்டும் என்றேன். நம் வண்டிக்கும் சேர்த்துக் கொடுக்கிற ஃபுல் கவர் போடுவதானால் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று கீழே இறங்கி வந்தார்.

பின்கதவைத் திறந்ததும் பலகையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், கொடியில் தொங்கிய துண்டைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இதுலயேதான் இருக்கறீங்களா?"

"இல்லக்கா, லோடு வர்ற வரைக்கும் சும்மா படுக்கத்தான். வீடு வீரபாண்டில இருக்கு."

அவர் துருவவில்லை. "ஸ்டவ்வ மட்டும் எறக்கிப்போடுங்க. சரக்கு வண்டீல அடுப்பு வெச்சுத் தீப்புடிச்சுதுன்னா, கம்பெனிக்காரன் கைய விரிச்சுப்போடுவான்" என்றார். அன்றைக்கே இறக்கினேன். அதன்பின் மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு.

மேலே வந்து ஃபாரத்தை நிரப்பினார். என் பெயர், அப்பா பெயர், வண்டி நம்பர். பழைய லைன் வீட்டு விலாசத்தையே கொடுத்தேன். பிறகு தலை நிமிராமல், "நாமினி யாருங்க?" என்றார்.

"அப்படின்னா?"

"வண்டி ஓட்டறப்ப உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, வர்ற பணத்த யாருகிட்டக் குடுக்கோணும்?"

பதில் ரொம்பச் சுலபம். யாரும் இல்லை. இரண்டே வார்த்தை. ஆனால் எனக்குப் பின்னால் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். செத்தால் சொல்லி அனுப்பக்கூட ஆள் இல்லாதவன் என்று அவர்கள் என் முதுகுக்குப் பின்னால் நினைப்பதைத் தாங்க முடியும் என்று தோன்றவில்லை. "சம்சாரம்தான்க்கா. தங்கபுஷ்பம். வயசு முப்பத்திரண்டு" என்றேன். வயதைக்கூட எவ்வளவு கச்சிதமாகச் சொன்னேன் பாருங்கள். அவர் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார்.

நாலைந்து மாதம் கழித்து, ஐப்பசி மழை. ஒரு காலைப்பொழுது பொங்கலூர்ப் பக்கமிருந்து தைத்த பண்டல்களோடு வந்துகொண்டிருந்தேன். தோப்புத் தடத்திலிருந்து தேங்காய் ஏற்றிய டெம்போ ஒன்று சட்டென்று ரோட்டில் ஏறியது. நான் ஸ்டியரிங்கை ஒடித்தேன். வண்டி பள்ளத்தில் புரண்டது. தோப்பில் வேலை செய்தவர்கள் ஓடிவந்து என்னை வெளியே இழுத்தது நினைவிருக்கிறது. தொடை எலும்பு உடைந்திருந்தது. டேஷ்போர்டில் இருந்த இன்சூரன்ஸ் கவரை யாரோ எடுத்து, கூட வந்த போலீஸ்காரரிடம் கொடுத்தார்களாம். அதில் ஏஜெண்ட்டின் சீலும் போன் நம்பரும் இருந்தன.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "கூட யாரு?" என்றார். ஆபரேஷனுக்குச் சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்த வலியிலும் என் வாய், "சம்சாரம் ஊர்லருந்து வந்துட்டு இருக்கா" என்றது. அப்படியானால் வரட்டும் என்று காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை டாக்டர் வந்து, இன்னும் வரவில்லையா, தள்ளிப்போடுவது நல்லதில்லை என்றார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பஸ் கெடச்சிருக்காது சார்" என்றேன். பக்கத்துக் கட்டில்காரருக்கு மூன்று பேர் காவல். ஒருத்தி கஞ்சி ஊட்ட, ஒருவர் கால் பிடிக்க, ஒருவர் சும்மா நின்றுகொண்டிருந்தார். அந்தச் சும்மா நிற்கிற ஆளைப் பார்த்துத்தான் எனக்குப் பொறாமை தாங்கவில்லை. எனக்காகச் சும்மா நிற்க இந்த உலகத்தில் ஒருவர்கூட இல்லை.

சாயங்காலம் பார்வையாளர்களை விடுகிற நேரம். சொன்னால் சிரிப்பீர்கள், நான் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இல்லாதவள் வரமாட்டாள் என்று தெரியும். தெரிந்தும், என்ன நிறச் சேலை கட்டிக்கொண்டு வருவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் இருந்ததே இல்லை. வாசலில் வந்தது அந்த ஏஜெண்ட் அக்கா. கையில் ஒரு பிளாஸ்க்.

அவரைக் கண்டதும் நானாகவே ஆரம்பித்தேன். "வீட்டுக்குச் சொல்லிட்டேன்க்கா. அவ கெளம்பிட்டா. பயந்த சுபாவம், அதான்..."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டம்ளரில் பாலை ஊற்றினார். "நானும் பேசினனுங்க தம்பி" என்றார்.

முந்தின நாள் மத்தியானம் போலீஸ்காரர் போன் செய்ததும், நான் வலி மருந்தின் மயக்கத்தில் கிடந்தபோது வந்து பார்த்திருக்கிறார். பாவம், பெண்டாட்டிக்குத் தெரியுமோ தெரியாதோ என்று வீரபாண்டிக்குப் போயிருக்கிறார். வீட்டுக்காரம்மா கைவிரித்ததும், அதே லைனில் குடியிருந்த எங்கள் ஊர்ப்பக்கத்துக் கட்டிங் மாஸ்டர் ஒருவரைப் பிடித்து, எங்கள் ஊர் மளிகைக் கடையின் போன் நம்பரை வாங்கியிருக்கிறார். தங்கபுஷ்பத்தைக் கூப்பிடுங்கள் என்றதும் கடைக்காரர் போய்க் கூட்டிவந்தது யாரை? ரேஷன் கடை அக்காவைத்தான். எங்கள் ஊரில் அந்தப் பெயருக்கு அவர் ஒருவர்தானே.

"உங்க ஊட்டுக்காரருக்கு அடிபட்டுருச்சுங்கன்னு நாஞ் சொன்னா, அவரு இப்பத்தான் சாப்பிட்டுட்டுக் கட்டில்ல படுத்திருக்காருங்கறாங்க" என்று சொல்லி லேசாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "அப்பறம் உங்க பேரும் உங்கப்பா பேரும் சொன்னனுங்க. கோவிச்சுக்குவாங்கன்னுதான் நெனச்சேன். அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. 'அவனுக்கு யாரும் கெடையாதேம்மா, இப்பம் பக்கத்துல யாரு இருக்கா?'ன்னாங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான் இருக்கறனுங்கன்னு சொல்லிப்போட்டேன் தம்பி."

சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. அழுது முடித்ததும், "எனக்கு யாரும் இல்லக்கா" என்றேன். ஊரே அறிந்த விஷயம். என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"செரிங்க. மொதல்ல பால் ஆறுது, குடிங்க" என்றார். பிறகு நர்ஸிடம் போய் ஃபாரத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். என்ன உறவு என்று நர்ஸ் கேட்டார். "அக்காளுங்க." உங்கள் பேச்சும் அவர் பேச்சும் ஒரே மாதிரி இல்லையே என்று நர்ஸ் இழுத்தார். "என்ற தம்பிதானுங்க. சின்னதுலயே அந்தப் பக்கம் போயிட்டாப்ல" என்றாரே பார்க்கலாம்! என்னையும் மிஞ்சிவிட்டார்.

மறுநாள் காலை ஆபரேஷன் நடந்தது. கால் சற்றே குட்டையாகிவிட்டது. தாமதத்தால்தான் என்று சொல்ல முடியாது, உடைந்த விதமே அப்படி என்று டாக்டர் சொன்னார். எனக்கென்னவோ அந்தக் குறை நான் வாய்விட்டு வாங்கியது என்றுதான் படுகிறது.

ஃபுல் கவர் எடுத்திருந்ததால் வண்டி தப்பியது. கம்பெனி ஆள் வந்து பார்த்துப் போனார், ரிப்பேருக்கு அனுமதி கிடைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபோது என் வீடு ஒர்க் ஷாப்பில் நசுங்கிக் கிடந்தது. ஒர்க் ஷாப்காரர் நல்ல மனுஷர், உள்ளேயே படுத்துக்கொள்ளச் சொன்னார். ஒருபக்கம் அவர்கள் தகரத்தை அடித்து நிமிர்த்த, மறுபக்கம் நான் கட்டுக்காலை நீட்டிக்கொண்டு கிடப்பேன். ஏஜெண்ட் அக்கா இரண்டு முறை வந்து பார்த்தார். பிறகு அவருக்கும் வேலை, குடும்பம். ஒரு கையெழுத்தால் அவர் எனக்கு உடன்பிறந்தவராகிவிட்டார் என்றெல்லாம் கதைவிட மாட்டேன். கால் சரியானதும் ஒரு தடவை வந்துவிட்டுப் போகச் சொன்னாராம் ரேஷன் கடை அக்கா. எந்த முகத்தோடு போவது? இன்னும் போகவில்லை.

அடுத்த வருஷம் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க, விந்தி விந்தி அதே மாடிப்படி ஏறினேன். அதே பெஞ்ச், பின்னால் யாரோ நாலு பேர். பேனாவை அந்தக் கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு அக்கா என்னைப் பார்த்தார். கேட்கவில்லை.

"யாரும் இல்லக்கா" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே.

பெஞ்சில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் பேப்பரைப் புரட்டினார், ஒருவர் கொட்டாவி விட்டார். அக்கா அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். இதற்காகவா இத்தனை வருஷம் பயந்தோம் என்று இருந்தது.

வண்டிக்கு எந்த இன்சூரன்ஸ் போடலாம் என்று ஸ்டாண்டில் யாராவது கேட்டால், ஃபுல் கவர் போடு, ஃபாரத்தில் உள்ளதை உள்ளபடி சொல் என்பேன். இல்லாத மனைவிக்காக இரண்டு நாள் வாசலைப் பார்த்துக் கிடந்தவன் நான். எனக்கு யாரும் இல்லை என்று வாய்திறந்து சொன்ன பிறகுதான், எனக்காக ஒருவர் கையெழுத்துப் போட முடிந்தது என்பதை இந்தக் கால் ஒவ்வொரு படி ஏறும்போதும் நினைவுபடுத்துகிறது.