யாரும் அனுப்பாத பயணம்

மேசை மேல் விரித்து வைத்திருந்த அந்தக் காகிதம் இன்றும் என் கண்ணுக்குள் இருக்கிறது. மடித்து மடித்து, மடிப்புகளில் வெளுத்துப்போன ஒரு நகர வரைபடம். தெருக்களும் ரயில் நிலையமும் குன்றின் மேல் ஒரு கோட்டையும் கறுப்பு மையில் அச்சாகியிருந்தன. அவற்றின் ஊடே பென்சிலால் ஒரு கோடு. அது நிலையத்தில் புறப்பட்டு, வளைந்து, முட்டுச்சந்தில் போய் மோதித் திரும்பி, ஒரே இடத்தை மூன்று தரம் தொட்டுவிட்டு மறுபடியும் நிலையத்துக்கே வந்து சேர்ந்தது. ஜப்பான்காரர்கள் ஆண்ட அந்த நாள்களில் எதிரி நாட்டு ஊரின் வரைபடத்தில் பென்சில் கோடு இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உளவு. அந்தக் கோட்டுக்காக ஒரு பெண்ணின் உயிர் போயிருக்கும். கூடவே என்னுடையதும்.

அப்போது எனக்கு இருபது வயது. சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக இருந்தேன். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும், வந்தவர் வராதவரைப் புத்தகத்தில் குறிப்பதும் என் வேலை. வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிய பிறகு, புதிதாக வந்தவர்கள் என்னை மூன்று மாதம் ஈப்போவுக்கு அனுப்பித் தங்கள் மொழியைப் படிக்க வைத்தார்கள். திரும்பி வந்தபோது சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் மாதாமாதம் கூடுதலாகக் கொஞ்சம் அரிசியும் கிடைத்தன. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எல்லா வீட்டிலும் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்த காலம் அது. அம்மா சோறு வடிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வார். அந்த அரிசிக்கு ஈடாக எனக்குத் தெரிந்திருந்தவை நானூறு சொற்கள் இருந்தால் அதிகம். எனக்கு முன்பு மொழிபெயர்ப்பாளராக இருந்த காம்பார் ஊர்க்காரர் ஒரு சொல்லைப் பிசகிச் சொன்னதற்காகத் தாடை உடைபட்டு, கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு வீட்டில் கிடந்தார். அவர் இடத்தில்தான் என்னைப் போட்டிருந்தார்கள்.

வரைபடத்துக்குச் சொந்தக்காரியை நாங்கள் ஆயாக்கா என்று கூப்பிடுவோம். துரை பங்களாவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவர், பிள்ளை இல்லை. அப்போது நாற்பதை நெருங்கியிருப்பார். நல்ல உயரம், யாரிடமும் அதிகம் பேசாத சுபாவம். சண்டைக்கு நாலைந்து வருடம் முன்பு துரையின் மனைவி விடுப்பில் ஊருக்குப் போனபோது கைக்குழந்தைகளைக் கவனிக்க இவரையும் கப்பலில் கூட்டிப்போனார். ஒரு வருடம் கழித்துத் திரும்பியவர் லயத்துப் பெண்கள் என்ன கேட்டாலும், "குளிருலா, வேற என்ன" என்று முடித்துக்கொள்வார். துரை ஓடும்போது அவரை அழைத்துப்போகவில்லை. பங்களாவை விட்டு லயத்துக் கடைசி வீட்டுக்கு வந்து, கொல்லையில் கிழங்கு நட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் முற்பகலில் வானொலிப் பெட்டிகளைத் தேடி இராணுவப் போலீஸ் தோட்டத்துக்குள் வந்தது. வீடு வீடாகப் பானைகளைக் கவிழ்த்தார்கள். வானொலி எங்கும் கிடைக்கவில்லை. ஆயாக்காவின் தகரப் பெட்டியில், பங்களா அம்மா கொடுத்த கம்பளிக் கோட்டின் உள்பையில், இந்த வரைபடம் கிடைத்தது. லாரியில் அவரை ஏற்றிய பிறகு என் பக்கம் திரும்பி, நீயும் ஏறு என்று சைகை காட்டினார்கள். எதிரெதிரே உட்கார்ந்து போனோம். அவர் என்னைப் பார்க்கவில்லை. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு ரப்பர் மரங்களையே பார்த்தபடி வந்தார்.

சுங்காய் கடைத்தெருவில் ஒரு ரப்பர் வியாபாரியின் கடை மாடியை அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே இன்னும் ரப்பர்ப் பாளத்தின் புளித்த வாடை வீசியது. மேலே ஒரு மேசை, ஒரு நாற்காலி, தோக்கியோ நேரம் காட்டும் சுவர்க் கடிகாரம். நாற்காலியில் இருந்த அதிகாரி ஒல்லியானவர், கண்ணாடி போட்டவர். சத்தமே போடமாட்டார் என்பதுதான் அவரைப் பற்றி ஊரில் இருந்த பயம். கதவோரம் நின்ற உள்ளூர்ப் போலீஸ்காரருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். ஆகவே ஆயாக்காவுக்கு நான் தனியாக ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொடுக்க முடியாது. அதை அந்த அறைக்குள் கால் வைத்த உடனேயே உணர்ந்தேன்.

வரைபடம் எந்த ஊருடையது என்று அதிகாரி முதலில் கேட்டார். எடின்பரோ என்றார் ஆயாக்கா. துரையின் தாயார் வீடு அங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் என்றும், குளிர்காலத்தில் பிள்ளைகளை மூன்று நாள் பாட்டி வைத்துக்கொண்டதால் தனக்கு லீவு கிடைத்தது என்றும், அந்த லீவில் தனியாக அந்த ஊருக்குப் போனதாகவும் சொன்னார். அதுவரை என் நானூறு சொற்களும் கைகொடுத்தன. அடுத்து அதிகாரி கேட்டது: "உன்னை அங்கே அனுப்பியது யார்? எதற்காக?"

"யாரும் அனுப்பல தம்பி. சும்மாதான் போனேன்."

இந்த 'சும்மா'வை வேற்று மொழியில் சொல்ல முயன்றவர்களுக்கு என் அன்றைய நிலை புரியும். என்னிடம் இருந்தது 'காரணம் இல்லை' என்ற தொடர் மட்டும். அதைச் சொன்னேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். தோட்டத்துக் கூலிக்காரி ஒருத்தி, எழுதப் படிக்கத் தெரியாதவள், கடுங்குளிர் காலத்தில் தன்னந்தனியாக ரயிலேறி ஒரு பெரிய ஊருக்குக் காரணமே இல்லாமல் போனாளா என்று மெதுவாகக் கேட்டார். அவர் கை மேசை இழுப்பறையை நோக்கிப் போனது. அதற்குள் என்ன இருந்ததோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வாய் முந்திக்கொண்டது. எஜமானி அம்மாள்தான் அனுப்பினார், பிள்ளைகளுக்குத் துணி வாங்கிவர என்று சொல்லிவிட்டேன்.

அதிகாரியின் முகம் தெளிந்தது. எஜமானி அனுப்பினாள், வேலைக்காரி போனாள். அது யாருக்கும் விளங்குகிற கணக்கு. எழுதிக்கொண்டார். எனக்கும் மூச்சு வந்தது. பிறகு தலை தூக்காமலே, எந்தக் கடை, எத்தனை துணி, வரைபடத்தில் காட்டட்டும் என்றார்.

கேள்வியை மறைக்க வழியில்லை. தமிழில் கேட்டேன். ஆயாக்கா என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "கடையா? நான் ஒண்ணும் வாங்கலியே. வறுத்த கொட்டை ஒரு பொட்டலம் வாங்குனேன், அவ்வளவுதான்" என்று தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அதிகாரி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதவோரப் போலீஸ்காரர் செருமினார்.

தவறு என்னுடையது, சொல் தெரியாததால் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று குனிந்து சொன்னேன். அதிகாரி எழுந்து வந்து என்னை அறைந்தார். ஒரே அறைதான். இடது காதில் ஒரு வண்டு புகுந்ததுபோல் இரைச்சல் கேட்டது. அந்தக் காதில் கேட்கும் திறன் பிறகு முழுதாகத் திரும்பவே இல்லை. நாற்காலிக்குத் திரும்பிய அவர், பென்சில் கோட்டின் தொடக்கத்தில் விரலை வைத்து, இவள் இங்கிருந்து ஒவ்வோர் அடியாகச் சொல்லட்டும் என்றார். இனி ஒரு சொல் மாறினால் என்ன நடக்கும் என்பதை அவர் சொல்லவில்லை.

ஆயாக்கா சொல்லத் தொடங்கினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ரயிலை விட்டு இறங்கியதும் ஊர் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது என்றார். பனிக்கு ஜப்பான்காரர்கள் மொழியில் என்ன சொல் என்பது எனக்குத் தெரியும். ஈப்போவில் எங்களுக்குக் கொடுத்த பாடப் புத்தகம் அவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக எழுதியது. சர்ச்சுப் பெண்கள் நடத்திய விடுதியில் தங்கினாராம். வழி தவறாமலிருக்க, நடக்க நடக்கப் பென்சிலால் கோடு போட்டுக்கொள் என்று அங்கிருந்த கிழவி இந்தக் காகிதத்தைக் கொடுத்தாளாம். பேர் படிக்கத் தெரியாததால் வளைவுகளை எண்ணி எண்ணிக் கோடு போட்டாராம். கோட்டையின் கீழ் ஒரு மணி நேரம் நின்று, மேலிருந்து பனி இறங்குவதை முகத்தில் வாங்கிக்கொண்டாராம். விழும்போது குளிரவில்லை, விழுந்து கரையும்போதுதான் குளிர்ந்தது என்றார். காலடியில் உப்பு மூட்டையை மிதித்தாற்போல் நறநறவென்று கேட்டது என்றார். வறுத்த கொட்டைப் பொட்டலத்தைத் தின்ன மனமில்லாமல் சூட்டுக்காக ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாராம். புடவைக் கரை நனைந்து தகரம்போல விறைத்துவிட்டதாம். தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். ஆனால் ஒருவர்கூட அவரைக் கூப்பிடவில்லையாம். கூப்பிடவில்லை என்பதை இரண்டு தரம் சொன்னார்.

நறநற என்பதற்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை. பல்லைக் கடித்து அந்தச் சத்தத்தை உண்டாக்கிக் காட்டினேன். வியர்வை கண்ணில் இறங்கியது. என் உயிரும் அவர் உயிரும் ஊசலாடிக்கொண்டிருந்த அந்த அறையில், அவர் மட்டும் வேறெங்கோ நடந்துகொண்டிருந்தார்.

அதிகாரியின் விரல் கோடு மூன்று தரம் தொட்ட இடத்தில் நின்றது. இங்கே யாரைச் சந்தித்தாள் என்று கேட்டார்.

"யாரையும் இல்ல. அது ஒரு மேடு. பிள்ளைங்க பலகைமேல உக்காந்து சறுக்கிக்கிட்டு இருந்துச்சுங்க. ஒரு பொண்ணு எனக்கும் பலகை கொடுத்துச்சு. மூணு தரம் சறுக்குனேன்."

சறுக்குவதற்கும் எனக்குச் சொல் இல்லை. நான் திணறுவதைப் பார்த்த ஆயாக்கா அந்தப் பலகைத் தரையில் சட்டென்று உட்கார்ந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு, முதுகைப் பின்னால் சாய்த்து, இல்லாத கயிற்றைப் பிடித்துக் காட்டினார். விசாரணைக்கு வந்த இடத்தில், நாற்பது வயதுப் பெண், காலை நீட்டிச் சறுக்கிக் காட்டுகிறார். அடி இப்போது விழும், இப்போது விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன்.

அதிகாரி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "காலைத் தரையில் ஊன்றக் கூடாது. தூக்கிக்கொள்ள வேண்டும். சொல்" என்றார். சொன்னேன். ஆயாக்கா காலைத் தூக்கிக்கொண்டார். அதிகாரி கையசைத்து எங்களைப் போகச் சொன்னார். வரைபடத்தைத் திருப்பித் தரவில்லை.

அந்த மனிதரை நல்லவர் என்று நான் எழுதவில்லை. இரண்டு வாரம் கழித்து சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க லாரிகள் வந்தபோது அவர்தான் தோட்டத்து அலுவலக வாசலில் நின்றார். உயரமும் உடற்கட்டும் உள்ளவர்களாகப் பார்த்து ஏற்றினார்கள். ஏறியவர்களின் பெயர்களை எழுதியது என் கை. திரும்பி வந்தவர்களைப் பெரட்டில் கூப்பிட எனக்கு ஒரு மூச்சுக்கூடத் தேவைப்படவில்லை.

அன்று நாங்கள் தோட்டத்துக்கு நடந்தே திரும்பினோம். உயிர் பிழைத்த மகிழ்ச்சியில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாதி வழியில், மொதல்ல நீ அவன்கிட்ட என்ன சொன்னே என்று ஆயாக்கா கேட்டார். காப்பாற்றத்தானே சொன்னோம் என்ற தைரியத்தில், பங்களா அம்மா அனுப்பியதாகச் சொன்னேன் என்றேன். அவர் நின்றுவிட்டார். அதிகாரியின் முன்னால் கலங்காத முகம் அங்கே, செம்மண் பாதையில், கலங்கியது.

"பத்து வயசுல ரப்பர்ப் பால்வாளி தூக்கச் சொல்லி அனுப்புனாங்க. கட்டிக்கொடுத்து அனுப்புனாங்க. பங்களாவுக்கு அனுப்புனாங்க, கப்பல்ல அனுப்புனாங்க. யாரும் அனுப்பாம நானா போன எடம் அது ஒண்ணுதான் தம்பி. அதையும் அந்தம்மா பேர்ல எழுதி வச்சிட்டியே."

செத்திருப்போமே அக்கா என்றேன். அவர் முன்னால் நடந்தார். அதன் பிறகு பல மாதம் என்னிடம் பேசவில்லை.

சண்டை முடிந்து வெள்ளைக்காரர்கள் திரும்பினார்கள். துரையின் மனைவி ஆயாக்காவைத் தேடி ஆள் விட்டார். அவர் போகவில்லை. ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் பிள்ளைப்பேற்று வார்டில் வேலைக்குச் சேர்ந்தார். நானும் பிறகு ஈப்போவில் ஒரு லாரிக் கம்பெனியில் கணக்கெழுதப் போனேன். அவர் ஓய்வு பெற்று ஜெலாப்பாங்கில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தபோது தீபாவளிக்குத் தீபாவளி என் மனைவி பலகாரம் கட்டிக்கொடுப்பாள், கொண்டுபோய்க் கொடுப்பேன். பழைய கதை பேசமாட்டோம். ஒரு தடவை அவரே எடுத்தார். எதுவும் கேட்காமலே, கோப்பியை ஆற்றிக்கொண்டே, "அன்னிக்கு ஒண்ணை மறைச்சிட்டேன் தம்பி" என்றார்.

மூன்றாம் நாள் மாலை ரயிலை அவர் வேண்டுமென்றே விட்டுவிட்டாராம். நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து, அது கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். மறுநாள்தான் துரையின் தாயார் வீட்டுக்குத் திரும்பி, பனியில் பாதை அடைத்துவிட்டது என்று பங்களா அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். அந்த ஒரு நாளுக்கு வரைபடத்தில் கோடே போடவில்லையாம்.

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு முதுகு சில்லிட்டது. அந்த அதிகாரி நாள்களை எண்ணியிருந்தால்? ரயில் என்றைக்குத் திரும்பியது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால்? அந்தப் பயத்தில், மொழிபெயர்ப்பாளன் புத்தியில், சட்டென்று கேட்டுவிட்டேன்: அந்த ஒரு நாள் எங்கே அக்கா இருந்தீங்க?

ஆயாக்கா கோப்பியை என் பக்கம் தள்ளினார். சிரித்தார். சறுக்கிக் காட்டியபோதுகூட அவர் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உனக்கு எதுக்கு அது? அது என்னோடதுலா. குடி, ஆறுது."

இப்போது என் பேரப்பிள்ளைகள் பனி பெய்யும் ஊர்களுக்குப் போனால், எங்கே நிற்கிறார்கள், என்ன தின்கிறார்கள் என்று மணிக்கொரு படம் என் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. பார்த்து மகிழ்கிறேன். ஆயாக்கா இறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் வாழ்ந்ததில் பெரும்பகுதியைத் தோட்டத்துப் பெரட்டுப் புத்தகத்திலிருந்தும் மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்தும் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அந்த ஒரு நாளை மட்டும் யாராலும் சொல்ல முடியாது. நான் மறுபடி கேட்கவும் இல்லை.