லேபிள் எல்லாம் ஒரே பக்கம்: கோவில்பட்டியில் ஓர் அட்டை நெசவுப் பயணம்

இந்தப் பங்குனியில் ஒரு சனிக்கிழமை கோவில்பட்டிக்குப் போனேன். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்: அட்டை சுற்றுவதற்கு. ஒரு வருடமாக எனக்கு அட்டை நெசவுப் பைத்தியம். உள்ளங்கை அளவில் சதுர அட்டை, நான்கு மூலையிலும் துளை, துளைக்கு ஒரு நூல். இப்படி இருபது அட்டைகளை அடுக்கி, நூல்களின் ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறுமுனையை இடுப்பிலும் கட்டிக்கொள்ள வேண்டும். அட்டைகளைக் கால் சுற்று திருப்பினால் நூல்களுக்கு நடுவே வழி திறக்கும். அதில் ஊடை நூலை விட்டு இறுக்க, பட்டை வளரும். தறி வேண்டாம். வாசலில் யாராவது கூப்பிட்டால் சட்டென்று எழுந்து போக முடியாது, அது ஒன்றுதான் குறை.

கைபேசிக் குழு ஒன்றில் பழக்கமானவர் மாரீஸ்வரி. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் பெட்டிகளை அடுக்கிப் பண்டல் போடுகிற வேலை. அவர் கணவர் கருப்பசாமி உறுமி மேளம் அடிப்பவர். மேளத்தின் நைலான் நாடா தோளை அறுக்கிறது என்று அவர் புலம்ப, "நான் பருத்தியில ஒரு பட்டை நெய்ஞ்சு தாரேன்" என்று இவர் வாய் விட்டிருக்கிறார். வீட்டில் ஒரே சிரிப்பு. ரோஷத்தில், "ஞாயித்துக்கிழமை கோயில் பொங்கலுக்கு இது தாங்கலன்னா அட்டையெல்லாம் அடுப்புல போட்டுருதேன்" என்று சபதமும் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை எனக்குக் குரல் செய்தி வந்தது: "யக்கா, பட்டை முறுக்கிக்கிட்டே போகுது. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஆறரைக்குப் பேருந்து. சுமார் நூறு கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம், நூற்றுப்பத்து ரூபாய். வலப்பக்கம் உட்காருங்கள், வெயில் இடப்பக்கம் அடிக்கும். சாத்தூர் தாண்டியதும், அறுவடை முடிந்த கரிசல் மண் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. கோவில்பட்டி நிலையத்தில் நான் பிடித்த ஆட்டோவின் ஓட்டுநர் என் பையை எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், சீட்டு ஆட வந்தியளா?" விளக்கினேன். "பெல்ட்டு கடையில கெடைக்கும்லா?" என்றார். எங்கள் வீட்டிலும் இதையேதான் கேட்கிறார்கள்.

மாரீஸ்வரி ஜன்னலில் கட்டியிருந்ததை அவிழ்த்துக் காட்டினார். நெய்தது ஒரு முழம்தான். கையை விட்டதும் அது கயிறாகச் சுருண்டுகொண்டது. இதைத் தோளில் போட்டால் நைலானே தேவலை. நான் நூலைக் குறை சொன்னேன், இழுப்பைக் குறை சொன்னேன். காபி ஆறியதுதான் மிச்சம். கருப்பசாமி அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "அடுப்பு பத்த வைக்கட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கே சுருக்கென்றது.

கடைசியில் மாரீஸ்வரி என் அட்டைகளை வாங்கி, தன்னுடையதின் பக்கத்தில் வைத்தார். நான் வெட்டியது கல்யாணப் பத்திரிகையில், நூல் கோத்தது ஒரு காணொளியை அப்படியே பார்த்து. "உங்களதுல ஒண்ணு விட்டு ஒண்ணு நூல் எதிர்ப்பக்கமா போயிருக்கே, ஏன்க்கா?" ஏனென்று நான் யோசித்ததே இல்லை.

அவருடைய அட்டைகள் ஆலையில் கழித்துப்போட்ட தீப்பெட்டி அட்டை. எல்லாவற்றிலும் மயில் லேபிள். இருபது மயிலும் ஒரே திசையைப் பார்த்து நின்றன. நூலும் இருபதிலும் ஒரே பக்கமாக நுழைந்திருந்தது. அத்தனை முறுக்கும் ஒரே பக்கம் ஏறினால் பட்டை வேறென்ன செய்யும்?

"பண்டல்ல ஒரு பெட்டி திரும்பியிருந்தாலும் பூரா பண்டலையும் பிரிச்சுருவாவக்கா. பதினோரு வருசம். கை சும்மா இருக்குமா?" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

நெய்ததைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்று விட்டு ஒரு அட்டையை முன்பின்னாகத் திருப்பிவிட்டுத் தொடர்ந்தோம். சுருண்ட முழம் மேளத்தில் முடிச்சுப் போடுகிற நுனிக்கு ஆயிற்று. புதிய பட்டை தட்டையாக இறங்கியது. ஆனால் பேச்சு சுவாரசியத்தில் மாரீஸ்வரியின் விரல் தானாகப் போய் ஒரு மயிலை நேராக்கிவிடும். "ஏட்டி, சும்மா கெட!" என்று தன் கையையே அதட்டுவார். எனக்குக் காவல் வேலை. ஞாயிறு மதியம் கடைசி ஊடையைப் போட்டோம்.

பொங்கல் நாகலாபுரம் பக்கத்து அம்மன் கோவிலில். பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். சாயங்காலம் மேளம் தொடங்கியது. அண்ணாச்சி குனிகிறார், நிமிர்கிறார், சுழல்கிறார். ஊரே ஆட்டத்தைப் பார்க்க, நாங்கள் இருவரும் ஒரு தோளையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாரீஸ்வரி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், வளையல் அழுந்தியது.

பட்டை தாங்கியது. மேளம் இறக்கியதும் அண்ணாச்சி வந்து சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. பாராட்டா? அவர் வாயிலிருந்தா? "தவில்காரவியளும் ஒண்ணு கேக்காவ. அட்டைய பத்திரமா வையி" என்றார். மாரீஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: பங்குனி வெயில் பொல்லாதது, காலையிலேயே போய்ச் சேருங்கள். பேருந்து நிலையம் அருகே எழுநூறு ரூபாய்க்குச் சுத்தமான அறை கிடைத்தது. கடலைமிட்டாய் வாங்காமல் திரும்பினால் வீட்டில் சேர்க்க மாட்டார்கள். அட்டை நெசவு தொடங்குபவர்கள் படமில்லாத அட்டையில் தொடங்குங்கள். யாரோ காட்டியபடி சரியாகச் செய்துவிட்டால் போதாது, ஏன் சரி என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இது எனக்கும்.

கிளம்பும்போது மாரீஸ்வரி ஒரு தீப்பெட்டிப் பண்டலைக் கையில் திணித்து, "நானே அடுக்கினது. வீட்டுல போய்ப் பிரிங்க" என்றார். மதுரைக்கு வந்து தாளைக் கிழித்தேன். பத்துப் பெட்டிகள். ஒரு மயில் என்னைப் பார்த்தது, அடுத்தது முதுகைக் காட்டியது. அதற்கடுத்தது என்னைப் பார்த்தது. கடைசிப் பெட்டி வரை அப்படியே.