பிறர் கையால் உண்ட நாட்கள்

முதலில் விரல் நுனிகள் மரத்தன. ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பும்போது புடவைக்கு ஊக்கு குத்த முடியவில்லை. மறுநாள் காக்ஸ் டவுன் வீட்டுப் படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் நாள், மருத்துவமனைக் கட்டிலில், கையும் காலும் என் சொல்லைக் கேட்கவில்லை.

கில்லன்-பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்) என்றார் மருத்துவர். இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புப் புரத மருந்து) ஐந்து நாள் ஏறியது. கைகளுக்கு எப்போது அசைவு திரும்பும் என்று கேட்டேன்.

"அதைச் சொல்ல முடியாதும்மா. இன்னைக்கு எவ்ளோ அசையுதுன்னு மட்டும் பாப்போம்."

வீடு திரும்பியபின் காலையிலும் இரவிலும் கணவர் ஊட்டினார். அவர் வேலைக்குப் போய்விடும் மதிய வேளைகளில் சபைப் பெண்கள் முறை வைத்து வந்தார்கள். செவ்வாய்க்கிழமை வந்தவள் மேரி. பொம்மசந்திராவில் தொழிற்சாலை வேலை. வாரத்தில் அவளுக்கு அந்த ஒரு நாள்தான் விடுமுறை.

அவளைப் பார்த்ததும் கண்களை மூடிக்கொண்டேன். காரணத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சபையின் உதவிக் குழுவுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். கணவன் இறந்தபின் இரண்டு பிள்ளைகளுக்காக அவள் அரிசி கேட்டு வந்தாள். மூன்று மாதம் கொடுத்தோம். நான்காம் மாதம், அன்றன்றைக்கு வேண்டியதைக் கர்த்தர் தருவார், விசுவாசமாக இரு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சபையின் சேமிப்பு அறையில் அரிசி இருந்தது. கேட்டே பழகிவிடுவாள் என்று நினைத்தேன்.

மேரி ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து, சூடு பார்த்தாள்.

"வாயத் தொறங்கக்கா."

பசியில்லை என்றேன். என் வயிறு இரைந்தது அவளுக்கும் கேட்டிருக்கும்.

"அன்னிக்கு நான் உனக்கு அரிசி குடுக்கல மேரி."

"ஆமாக்கா." இல்லையென்று சொல்லி அவள் என்னைத் தப்பவிடவில்லை. "எதிர்வீட்டு கன்னடக்காரம்மா ராகி முத்தே, அதான் களி உருண்டை, குடுத்தாங்க. பசங்க சாப்ட்டாங்க. உங்க மேல ரொம்ப நாள் கோவமாத்தான் இருந்தேன்." கவளத்தை என் வாயருகே நீட்டி, "சாதம் ஆறுதுக்கா" என்றாள்.

வாயைத் திறந்தேன். அழுதுகொண்டே விழுங்கியதில் புரையேறியது. இடக்கையால் என் முதுகைத் தடவிவிட்டு, அடுத்த வாய் ஊட்டக் காத்திருந்தாள். பரமண்டல ஜெபத்தில் அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கும் வரியை நாற்பது ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். எனக்காகக் கேட்டது அன்றுதான்.

பிறகு, குழுப் பொறுப்பை அவளுக்குக் கொடுக்கும்படி போதகரிடம் சொன்னேன். ஷிப்ட் இருக்கிறது, முடியாது என்றுவிட்டாள்.

என்னைப் போல் படுத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஊட்ட வருபவரிடம் பசியில்லை என்று பொய் சொல்லாதீர்கள்.

ஆறு மாதமாகிறது. வெட்கம் போகவில்லை. முன்பு மாதங்களை முன்கூட்டியே திட்டமிட்டு வாழ்ந்தவள், இப்போது ஒரு வேளையிலிருந்து அடுத்த வேளைவரைதான் பார்க்கிறேன். கரண்டியைப் பிடிக்க முடிகிறது. வாயருகே வருவதற்குள் கை நடுங்கிப் பாதி சிந்திவிடும். மீதியை உண்கிறேன்.