காப்புக் கட்டிய கணக்கப்பிள்ளை

தொழிற்சங்கத் தலைவர் வேலை என்பது தோட்டத்தை நடத்தும் துரையிடம் சட்டத்தையும் தொழிலாளியிடம் நியாயத்தையும் பேசி, இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குவது. இலங்கை மலையகத்தில், கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆயுள் முழுக்க நான் அதைத்தான் செய்தேன். துண்டுப் பிரசுரங்களைப் படித்தே சட்டம் கற்றவன். எங்கள் தோட்ட ஆபிஸில் நாற்காலி கேட்டு உட்கார்ந்து பேசிய முதல் தலைவன் நான்தான். வேறு யாரும் இதை எழுதப் போவதில்லை என்பதால் நானே எழுதுகிறேன். விசாரணை வாசலில் காத்துக் கிடந்தவர்களுக்கு மற்றதெல்லாம் புரியும்.

விழுந்த கொப்பு

ஒரு மழைக்காலம். மலையில் முறிந்து கிடந்த நிழல்மரக் கொப்பை, கொழுந்து பறிக்கும் பாக்கியம் விறகுக்கு எடுத்துப் போனாள். தோட்டத்துச் சொத்தைத் திருடினாள் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

"எடுத்துட்டுப் போ" என்று அவளிடம் சொன்னவரே மலையில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை சண்முகம்தான். விசாரணையில் துரையின் முகத்தைப் பார்த்ததும், அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்துவிட்டார். ஈர விறகில் ஒரு தாய் எப்படி உலை வைப்பாள் என்று நான் முழங்கினேன். துரை கொட்டாவியை அடக்கிக்கொண்டு, விசாரணையைத் திருவிழாவுக்குப் பிறகு தள்ளிவைத்தார்.

"தலைவர் நல்லாப் பேசுறீங்க. சாட்சி இருக்கா?"

வெறுங்கால் ராஜா

மாரியம்மன் திருவிழாவில் தலைமுறையாக ஆடிவரும் பழைய நாடகம் ஒன்று உண்டு. பசிக்கு அரண்மனைத் தோட்டத்துப் பழத்தை எடுத்த பெண்ணை ராஜா சட்டப்படி தண்டிப்பார். அவள் சபையில் நின்று நியாயம் கேட்பாள். கடைசியில் ராஜா தலைகுனிந்து சிம்மாசனத்தை விட்டு இறங்குவார். எங்கள் தோட்டத்தில் ராஜா வேஷம் எப்போதும் சண்முகத்துக்குத்தான்.

வேஷம் கட்டுகிறவர்களுக்குப் பூசாரி மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டுவார். அதை அவிழ்க்கும்வரை இறைச்சி இல்லை, செருப்பு இல்லை, பொய்யும் இல்லை. மீறினால் அம்மன் சும்மா விடமாட்டாள். அந்தச் சாயங்காலத்தின் மூடுபனியும் வறுத்த கடலை வாசமும் இப்போதும் என் மூக்கில் இருக்கின்றன. நாடகத்துக்கு முன்னால் வழக்கம்போல நான் பேசினேன், வழக்கம்போலக் கொஞ்சம் நீளமாக. கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"தலைவரே, ராஜா வெறுங்காலோட நடுங்கிக்கிட்டு நிக்கிறாரு, முடிங்க!"

கதையில் இல்லாத கேள்வி

பெண் வேஷம் பாக்கியத்தின் புருஷன் செல்லமுத்துவுக்கு. பாக்கியத்தின் கல்யாணச் சேலையைத்தான் கட்டியிருந்தான். சபையில் நியாயம் கேட்கும் கட்டம் வந்தது. பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, "மன்னா! மலையில விழுந்த கொப்பை எடுத்துட்டுப் போன்னு சொன்னது யாரு?" என்றான்.

கதையில் பழம்தான் உண்டு, கொப்பு கிடையாது. மத்தளம் நின்றது. ராஜா கோயிலைப் பார்த்தார், கையில் இருந்த காப்பைப் பார்த்தார். "நான்தான்" என்றார். மலையே விசிலடித்தது. என் பக்கத்தில் இருந்த கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எத்தனையோ வருஷமாப் பார்க்குறேன், இன்னைக்குத்தான்யா இவன் ராஜா!"

அவிழ்த்த காப்பு

யாரோ கைபேசியில் பிடித்திருந்த அந்தக் காட்சியை அடுத்த விசாரணைக்குக் கொண்டுபோனேன். நாடக வசனம் சாட்சியம் ஆகாது என்று துரை திருப்பித் தந்தார். இதே வார்த்தையை இங்கேயும் சொல்லுங்கள் என்று சண்முகத்திடம் திரும்பினேன். அவர் தரையைப் பார்த்தார்.

"காப்பை அவுத்தாச்சுங்க, தலைவரே."

மேசைக்கு அடியில் போன கை

பாக்கியம் மடியிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்தாள். காலையில் பூசாரியிடம் வாங்கி வந்ததாம். "கையை நீட்டுங்க ஐயா. இதைக் கட்டிக்கிட்டு இல்லைன்னு சொல்லுங்க. நான் லயத்தைக் காலி பண்ணிட்டுப் போறேன்" என்றாள்.

சண்முகத்தின் கை மேசைக்கு அடியில் போனது. துரை அவர் முகத்தையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "எடுத்துட்டுப் போன்னு நான்தாங்க சொன்னேன்" என்று கடைசியில் சண்முகம் முனகினார். துரை பேனாவை மூடினார்.

"நாளைக்கு வேலைக்கு வரட்டும், ஆனா சட்டப்படி கொப்பு தோட்டத்துக் கொப்புதான், எச்சரிக்கைக் கடிதம் ஒன்னு உண்டு."

அதன் பிறகு எந்த விசாரணைக்குப் போனாலும் சட்டப் பிரசுரத்தோடு ஒரு மஞ்சள் கயிற்றையும் பையில் வைத்துக்கொண்டேன். பிரசுரம் எப்போதோ கிழிந்துவிட்டது, கயிறு இன்னும் இருக்கிறது.