தண்ணீரில் இறங்குபவர்கள்: பூச்சியம்

1. வாளி

படகில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் டெப் எனக்குக் கயிறு கட்டச் சொல்லித்தரவில்லை. கயிறு கட்டிய ஒரு நீல வாளியைக் கடலில் இறக்கி, நிறைய மொண்டு, டெக்கில் வைத்தார்.

"கையை முழங்கைவரை உள்ளே விடு. நான் சொல்லும்வரை எடுக்காதே" என்றார். அவர் பேசியது ஆங்கிலம். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

செப்டம்பர் மாதம். நல்ல வெயில். முதலில் கை எரிந்தது. பிறகு எலும்பு வலித்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை. எடுத்தவுடன் டெப், "இப்போது உன் ஜாக்கெட் பொத்தானைப் போடு" என்றார். விரல் மடங்கவில்லை. மூன்று தரம் முயன்றும் முடியவில்லை.

"இதுதான் இந்த வேலை. மற்றதெல்லாம் பயணிகளுக்குச் சான்ட்விச் கொடுப்பதுதான்" என்று சொல்லிவிட்டு வாளியைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார்.

டெப் அறுபது கடந்த பெண். படகின் உரிமையாளரும் அதை ஓட்டும் ஸ்கிப்பரும் அவர்தான். கூடமாட வேலை செய்யும் டெக்ஹேண்ட் நான் ஒருத்தி. நியூசிலாந்தில் ஹாஃப் மூன் பே படகுத்துறையிலிருந்து பத்துப் பேர்வரை ஏற்றிக்கொண்டு தீவுப் பக்கம் போய் வருவோம். அதற்கு முன் நான் ஏவன்டேலில் வீடுகள் கிளீனிங் செய்தேன். இந்தப் படகையும் கழுவத்தான் வந்தேன், அப்படியே நின்றுவிட்டேன். பத்தாம் வகுப்போடு முடிந்த படிப்பு எனக்கு. ஆட்களோடு கதைக்கக் கூச்சம். கடலில் கதைக்கத் தேவையிருக்காது என்று நினைத்தேன். அந்த நினைப்பால் ஒரு மனிதரின் உயிர் போகப் பார்த்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

2. சிவப்புக் கோடு

இங்கே செப்டம்பரில் வசந்தம் தொடங்கும். மரம் பூக்கும், வெயில் அடிக்கும், ஆட்கள் அரைக்கால் சட்டையோடு வருவார்கள். கடலுக்கு மட்டும் அது தெரியாது. குளிர்காலம் முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் அக்டோபரிலும் அப்படியேதான் கிடக்கும். பயணிகள் வெயிலைப் பார்த்து உடுத்துவார்கள். நாங்கள் தண்ணீரைப் பார்த்து உடுத்த வேண்டும்.

காற்றும் அப்படித்தான். வசந்தத்தில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு நிலை போய் அடுத்தது வருவதற்குள் அரை நாள் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில்தான் ஓடுவோம். முதலில் வடக்கிலிருந்து மெல்லிய காற்று வரும். பிறகு ஒரே அடியாக சவுத்வெஸ்டர்லி, தென்மேற்குக் காற்று. டெப் அதை 'சேஞ்ச்' என்பார். ஃபோர்காஸ்டை, அதாவது வானிலைக் கணிப்பை, முந்தின நாள் மாலை ஒரு தரம், காலை ஆறு மணிக்கு ஒரு தரம், கயிறு அவிழ்க்கும் முன் ஒரு தரம் பார்க்க வேண்டும். சேஞ்ச் வரும் நேரத்திற்கு இரண்டு மணி நேரம் முன்னால் டிரிப் ஷீட் என்ற பயணத் தாளில் ஒரு சிவப்புக் கோடு போட வேண்டும். கோட்டுக்குள் திரும்பிவிட வேண்டும்.

டிரிப் ஷீட் எழுதுவது என் வேலை. ஆட்கள் எத்தனை, லைஃப் ஜாக்கெட் எத்தனை, ஹீட்டர் வேலை செய்கிறதா, போர்வை காய்ந்திருக்கிறதா என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டம், தண்ணீரில் இறங்குபவர்கள். அதில் ஒன்று என்று எழுதினாலும் எல்லாம் மாறும். குளிர் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட் எடுத்து வைப்போம். எஞ்சினை நிறுத்தி, சாவியை என் பையில் வைத்துக்கொள்வேன். நான் பின்பக்க மேடையில் மிதவை வளையத்தோடு நிற்பேன். பூச்சியம் என்றால் எஞ்சின் நியூட்ரலில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அக்டோபர் முதல் வாரம் பக்குரங்காவிலிருந்து திவ்யா என்ற பெண் தொலைபேசியில் பேசினார். "மாமனார் தவறிட்டார்க்கா. அஸ்தி கரைக்கணும். சனிக்கிழமை வர்றோம். மொத்தம் நாலு பேர்" என்றார். தமிழ் ஆள் எடுத்ததில் அவருக்கு ஆறுதல். நான் "ஓம்... ஓம்..." என்று எழுதிக்கொண்டேன்.

அஸ்தி கரைத்தவர் தலை முழுக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஊரில், என் அப்பாவின் அஸ்தியைக் கரைத்துக் கீரிமலைக் கடலில் அண்ணன் முழுகியபோது நான் கரையில் நின்றவள். டெப்புக்கு அது தெரியாது. கேட்டிருக்க வேண்டியது நான். ஆனால் செத்த வீட்டில் போய், 'யார் முழுகப் போகிறீர்கள்' என்று எப்படிக் கேட்பது? கேட்டால் ஆம் என்பார்கள். டெப் கூடாது என்பார். அதை அவர்களிடம் நான்தான் சொல்ல வேண்டும். இவ்வளவையும் நினைத்துவிட்டுக் கடைசிக் கட்டத்தில் பூச்சியம் போட்டேன்.

3. பதினைந்து நிமிடம்

சனிக்கிழமை சேஞ்ச் பிற்பகல் இரண்டு மணிக்கு என்று ஃபோர்காஸ்ட். சிவப்புக் கோடு பன்னிரண்டில். எட்டரைக்குப் புறப்படுவது திட்டம்.

எட்டே முக்காலுக்கு வந்தார்கள். மகன் கார்த்திக், மனைவி திவ்யா, கார்த்திக்கின் அம்மா, திருச்சியிலிருந்து வந்திருந்த தாய்மாமா சேகர். சிவப்புத் துணி கட்டிய சின்னக் குடம் கார்த்திக்கின் மடியில். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப கெளம்பினா ராகுகாலத்துலல்ல போய் நிக்கும்? ஒன்பதுலேர்ந்து பத்தரை. முடிஞ்சதும் போவோம்."

திவ்யா மெல்லச் சொன்னார்: "மாமா, அது இந்தியா டைமா, நியூசிலாந்து டைமா? போன வாரம்தான் இங்க கடிகாரத்தையே ஒரு மணி நேரம் தள்ளி வெச்சாங்க. ராகுவுக்கு யார் சொன்னா?"

"நக்கல் பண்ணாதம்மா. போனவரு உன் மாமனாரு."

 கார்த்திக்கின் அம்மா குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெப் என்னைக் கூப்பிட்டார். "கோட்டைப் பற்றி அவர்களிடம் சொல். உன் பாஷையில் சொன்னால் புரியும்."

நான் போனேன். மாமாவின் முன்னால் நின்றேன். "காத்து மாறும் எண்டு..." என்று தொடங்கினேன்.

"வெயில் பளீர்னு அடிக்குது, காத்தாம்!" என்று அவர் சிரித்தார். "பத்தரை வரைக்கும் பொறுத்துக்கம்மா. காரியம் கால் மணில முடிஞ்சுடும்."

நான் திரும்பி வந்து டெப்பிடம், "பத்தரைக்குப் புறப்பட வேண்டுமாம். பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள்" என்றேன்.

டெப் வானத்தைப் பார்த்தார். ஃபோர்காஸ்டை இன்னொரு தரம் பார்த்தார். கணக்குப் போட்டார். "பன்னிரண்டேகால். கோட்டைத் தாண்டுகிறோம். பதினைந்து என்றால் பதினைந்து. பதினாறு இல்லை. உனக்கு நிச்சயமாகத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

4. மூன்று முழுக்கு

மொடுயீஹே தீவைத் தாண்டி, சிப்பி எடுக்கும் இடங்களில் சாம்பல் விழாதபடி விலகி, பதினொன்றேகாலுக்கு நிறுத்தினோம். கடல் நீரோட்டம் வெளியே போய்க்கொண்டிருந்தது. வடக்குக் காற்று அப்போதே நின்றுவிட்டது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. டெப்புக்கும் பிடிக்கவில்லை. மேலே ஸ்டியரிங்கில் தென்மேற்கைப் பார்த்தபடி நின்றார். அங்கிருந்து பின்மேடை தெரியாது. எஞ்சின் நியூட்ரலில் ஓடிக்கொண்டிருந்தது.

கார்த்திக் குடத்தைச் சாய்த்தார். சாம்பல் தண்ணீரில் வெள்ளையாகப் பரவி இறங்கியது. அம்மா பூவைப் போட்டார். அதுவரை எல்லாம் நல்லபடி நடந்தது.

பிறகு கார்த்திக் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றினார். சட்டையைக் கழற்றினார்.

"மூணு முழுக்குப் போட்டுட்டு டக்குனு ஏறிடுடா" என்றார் மாமா.

 'வேண்டாம்' என்று ஒரு சொல். அதுகூட வரவில்லை. மூன்று முழுக்குத்தானே, ஒரு நிமிடம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கார்த்திக் வேட்டியோடு ஏணியில் இறங்கினார்.

இடுப்பளவு தண்ணீரில் அவர் முகம் மாறியது. ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடி ஒரு முழுக்கு. மேலே வந்தபோது வாயைத் திறந்து காற்றை இழுத்தார், விட முடியவில்லை. இரண்டாவது முழுக்கு. மூன்றாவதுக்கு மூக்கையும் காதையும் பொத்த ஏணியிலிருந்து கையை எடுத்தார்.

அப்போதுதான் காற்று வந்தது. இரண்டு மணிக்கு வர வேண்டிய சேஞ்ச் பதினொன்றரைக்கே வந்தது. தென்மேற்கில் தண்ணீர் கறுத்து, அந்தக் கறுப்பு எங்களை நோக்கி ஓடி வந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்து நகர்ந்தது. கார்த்திக்குக்கும் ஏணிக்கும் நடுவில் இரண்டு முழம், பிறகு நான்கு முழம். அவர் கையை அடித்தார், நீந்தவில்லை. வேட்டி காலைச் சுற்றியிருந்தது. கத்தவும் இல்லை. மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஹக், ஹக் என்று.

மேலிருந்து டெப்பின் குரல்: "நேரம் முடிந்தது! எல்லாரும் உட்காருங்கள். பின்னால் எடுத்துத் திருப்பப் போகிறேன்!"

பின்னால் எடுத்தால் ப்ரொப்பெல்லர் நேராகக் கார்த்திக் மேல் போகும். டெப்புக்கு அவர் தண்ணீரில் இருப்பதே தெரியாது. ஷீட்டில் பூச்சியம்.

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று தலை தேடியது. கியர் விழும் 'டக்' என்ற சத்தத்துக்காகக் காது காத்திருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை.

"நில்லுங்கோ! டெப், நில்லுங்கோ!"

தமிழில்தான் வந்தது. அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. டெப்புக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனால் எஞ்சின் உடனே நின்றது.

மிதவை வளையத்தை எறிந்தேன். அவர் பக்கத்தில்தான் விழுந்தது. அவர் கையை வைத்தார், விரல் மடங்கவில்லை, வளையம் வழுக்கிப் போனது. எனக்கு வாளியும் பொத்தானும் நினைவு வந்தன.

"விரலால பிடிக்காதைங்கோ! கைய உள்ள விடுங்கோ! முழங்கைய மடக்குங்கோ!"

இரண்டாம் தரம் எறிந்தபோது முழங்கையை மாட்டினார். இழுத்தேன். டெப் கீழே ஓடி வந்தார். ஏணிவரை வந்தவருக்கு ஏற முடியவில்லை. மாமா மேடையில் குப்புறப் படுத்து, தன் தோள் துண்டை அவருடைய அக்குளுக்குக் கீழே கொடுத்து முறுக்கினார். "வாடா... வாடா என் ராசா..." என்று அழுதுகொண்டே இழுத்தார். மூன்று பேரும் சேர்ந்துதான் மேலே கொண்டுவந்தோம்.

5. திரும்பிய வழி

"தேய்க்காதே. நடக்க விடாதே. படுக்க வை. ஈரத்தைக் கழற்று" என்று டெப் சொன்னார். ரேடியோவில் தகவல் கொடுத்தார். காய்ந்த போர்வை நான்கு இருந்தன. அந்தக் கட்டங்களை மட்டும் நான் ஒழுங்காக நிரப்பியிருந்தேன். திவ்யா கணவரை அணைத்துப் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

திரும்பும் வழி முழுக்க எதிர்க் காற்று. அலை கண்ணாடியில் அடித்தது. மழை படுக்கையாக வந்தது. கார்த்திக் முதலில் பல் கிடுகிடுக்க நடுங்கினார். நடுவில் நடுக்கம் குறைந்தது. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் அவர் பெயரைக் கேட்டேன். சொன்னார். தெருப் பெயரைக் கேட்டேன். யோசித்துச் சொன்னார். பேசத் தெரியாத நான் கரை வரும்வரை நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தேன்.

 கணவரைக் கரைக்க வந்த கார்த்திக்கின் அம்மா, மகனின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படகுத்துறையின் விளிம்பு தெரிந்தபோது கதவுப் பக்கம் பார்த்தார். ஆணியில் வாளி ஆடிக்கொண்டிருந்தது.

"அந்த வாளி எதுக்கும்மா?"

"கடல் தண்ணி மொள்ள, அம்மா."

"அதுல மோந்து மூணு தடவ தலையில ஊத்தியிருக்கலாமே" என்றார். "நீ சொல்லியிருந்தா நாங்க கேட்டுருப்போமே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார்.

ஆம்புலன்ஸ் காத்திருந்தது. அன்று மாலையே திவ்யா அழைத்து, பயமில்லை என்று சொன்னார். அதுவரை நான் படகைவிட்டு இறங்கவில்லை.

டெப் டிரிப் ஷீட்டை மேசையில் வைத்து, கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார். "இவர்கள் முழுகுவார்கள் என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"காற்றைப் பற்றி மூன்று தரம் பார்த்தேன். முழுகுவார்களா என்று உன்னிடம் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை" என்றார். பிறகு, "கோட்டைத் தாண்டியது நான். பூச்சியம் போட்டது நீ. இரண்டையும் எழுது" என்று பேனாவைக் கொடுத்தார்.

எழுதினேன். இப்போது எங்கள் படகில் சிவப்புக் கோட்டை யாருக்காகவும் நகர்த்துவதில்லை. ராகுகாலம் குறுக்கே வந்தால் வேறு நாள் பார்ப்போம். அஸ்தி கரைக்க வருகிறவர்களை முந்தின நாளே நான் அழைக்கிறேன். ஒவ்வொரு தரமும் கேள்வியை எழுதி வைத்துக்கொண்டுதான் எண்ணை அழுத்துகிறேன். குரல் நடுங்கும். நடுங்கிக்கொண்டே கேட்கிறேன்: "மன்னிக்க வேணும். உங்களில யார் முழுகப் போறீங்கள்? எங்களிட்ட வாளி இருக்கு."